கண் ஒப்பரேஷனுக்குப் பிறகு பார்வை மங்கினால்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

அம்மாவின் வலது கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்து ஐந்தாம் நாள் காலை. திண்ணையில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர், ஒரு கண்ணைப் பொத்துவதும் திறப்பதுமாக இருந்தார். என்ன என்று கேட்டேன். "நோவு ஒண்டுமில்ல புள்ள. கொஞ்சம் புகையாட்டம் கிடக்கு, மறுகா சரியாகிடும்" என்றார். அடுப்புப் புகையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த நாள் ஓரிடத்தில் காட்டினோம். சாதாரணக் கண்நோய் என்று துளிமருந்து தந்து அனுப்பினார்கள். அதற்கும் அடுத்த நாள்தான் கண் வைத்தியர் பார்த்தார். ரோச் அடித்து எனக்கும் காட்டினார். கருவிழிக்குள், அடியில், பிறை மாதிரி வெளிர் மஞ்சளாகச் சீழ் தங்கியிருந்தது. கண்ணுக்குள் கிருமி.

எங்களிடமிருந்து போன அந்த இரண்டு நாள் உங்களிடமிருந்தும் போகக்கூடாது. நான் வைத்தியர் இல்லை. வாட்டில் கேட்டும், அலைந்தும், பிழைவிட்டும் தெரிந்துகொண்டதை ஒழுங்குபடுத்தித் தருகிறேன். ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தவுடனேயே வாசித்துவிடுங்கள்.

1. எது வழமை, எது ஆபத்து

கண்புரை ஒப்பரேஷனுக்குப் பயப்படத் தேவையில்லை. கிருமி உள்ளே போவது ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான் நடக்கிறது, நல்ல இடங்களில் அதற்கும் குறைவு. ஒப்பரேஷன் முடிந்து சில நாளைக்கு மண் விழுந்தது போல உறுத்தும், கண்ணீர் வடியும், வெளிச்சம் கூசும், வெள்ளை விழி கொஞ்சம் சிவந்திருக்கும். இவை வழமை. ஆனால் எல்லாமே நாளுக்கு நாள் குறைய வேண்டும், பார்வை நாளுக்கு நாள் கூட வேண்டும். போக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால் கீழே உள்ள ஏதோ ஒன்று நடக்கிறது.

முதலாவது, கிருமி இல்லாத அழற்சி. வாட்டில் இதை "டாஸ்" என்றார்கள். ஒப்பரேஷனில் பாவித்த திரவத்திலோ கருவியிலோ ஒட்டியிருந்த ஏதோ ஒரு பொருள் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் வருவது. 12 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காட்டிவிடும். கருவிழி முழுவதும் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை மூடுபனி போல வெளுக்கும், நோவு குறைவு. ஸ்டீரொயிட் துளி மருந்துக்கு அனேகமாகக் கேட்கும்.

இரண்டாவது, கிருமித்தொற்று. பெயர் எண்டொப்தல்மைட்டிஸ். அனேகமாக இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சிலருக்கு இரண்டு வாரம், ஆறு வாரம் கழித்தும் வரும். எங்கள் இமையிலும் தோலிலும் எப்போதும் இருக்கும் ஸ்டபிலோகொக்கஸ் வகைக் கிருமிதான் பெரும்பாலும் உள்ளே புகுகிறது. அதனால் "ஆஸ்பத்திரிதான் அழுக்கு" என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். கிருமி நம்முடையதாகவே இருக்கலாம்.

மூன்றாவது, மெதுவான தொற்று. மாதக்கணக்கில் கழித்து, மருந்து விட்டால் அடங்கி, நிறுத்தினால் திரும்பி வரும். சிவப்பு இப்படி வந்து போய்க்கொண்டிருந்தால் "பழகிப்போச்சு" என்று விடாமல் காட்டுங்கள்.

டாஸா கிருமியா என்று வீட்டிலிருந்து பிரித்தறிய முயல வேண்டாம். வைத்தியர்களே சந்தேகம் வந்தால் கிருமி என்று வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

2. காலையில் ஒரு நிமிடம், கலண்டரைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். நோவை அளவுகோலாக வைக்காதீர்கள். 1995 இல் வெளிவந்த, இந்த நோய்க்கான பெரிய அமெரிக்க ஆய்வில் கண்ணுக்குள் கிருமி வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நோவே இருக்கவில்லை. என் அம்மா அந்த நாலில் ஒருத்தர். ஏமாற்றாத அளவுகோல் பார்வைதான்.

பெரிய இலக்கம் போட்ட கலண்டர் ஒன்றை வெளிச்சமான சுவரில் மாட்டுங்கள். நிற்கும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு. ஒவ்வொரு காலையும் ஒப்பரேஷன் செய்யாத கண்ணை உள்ளங்கையால் பொத்தி, மற்றக் கண்ணால் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அழுத்தாமல் பொத்த வேண்டும். எந்த அளவு எழுத்து வரை தெரிந்தது என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். ஒரு கண்ணைப் பொத்தாமல் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். பெரியவர்களுக்குத் தங்களுக்கே தெரியாமல் போவது அதனால்தான்.

நேற்றுத் தெரிந்த இலக்கம் இன்று தெரியவில்லையா? இன்றே போக வேண்டும். நாளைக்குக் கிளினிக் நாள் என்று காத்திருக்காதீர்கள். ஞாயிறு, போயா, பொங்கல் என்றாலும் அப்படித்தான்.

3. பார்வை தவிர வேறு எதற்கு ஓட வேண்டும்

கண்ணுக்குள் குடைவது போன்ற நோவு, கூடிக்கொண்டு போகும் சிவப்பு, இமை வீங்கி மூடுவது, கண்ணில் சீழ், கருவிழி வெளுப்பது, கருவிழிக்குள் அடியில் வெள்ளைக் கோடு. மின்னல் வெட்டுவது போலவும் ஒரு பக்கம் திரை விழுந்தது போலவும் தெரிந்தால் அது விழித்திரை கழலும் அறிகுறி. அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

ஒரு பொறி: ஒப்பரேஷன் செய்த பக்கம் தலையிடியும் சத்தியும். இதைக் கேஸ்றிக் என்று நினைத்துச் சோடா குடிப்பவர்களை வாட்டில் கண்டேன். கண்ணுக்குள் அமுக்கம் ஏறினாலும் சத்தி வரும்.

4. எங்கே, எப்படிப் போவது

ஒப்பரேஷன் செய்த இடத்துக்கே போவது முதல் தெரிவு. உங்கள் கோப்பு அங்கே இருக்கிறது, செய்த வைத்தியருக்கு அந்தக் கண் தெரியும். வீட்டுக்கு அனுப்பும்போதே வாட்டு நேரடி இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குவார்கள். "பார்வை குறைந்தால் ஆரிட்டக் கேட்கிறது மிஸ்?" என்று கேட்டால் தருவார்கள்.

அது தூரமென்றாலோ, கொழும்பிலோ கண்டியிலோ செய்துவிட்டு வந்தவர் என்றாலோ, கண் வைத்திய நிபுணர் இருக்கும் பெரிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். எங்கள் பக்கம் அது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறை பொது வைத்தியசாலையும், கல்முனையில் இருக்கும் ஆதார வைத்தியசாலைகளும். புறப்பட முதல் போன் எடுத்து, இன்று கண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். லீவில் போயிருந்தால் நாற்பது கிலோமீற்றர் ஓடியதும் வீண், பாதி நாளும் வீண்.

வாசலில் சொல்லும் முதல் வசனம் முக்கியம். "கண் சிவந்திருக்கு" என்று சொன்னால் ஓ.பி.டி. வரிசையில் நிற்பீர்கள், எங்களைப் போல கண்நோய் மருந்தோடு திரும்புவீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "கண் ஒப்பரேஷன் செய்து ஐந்து நாள். நேற்றையிலும் இன்றைக்குப் பார்வை குறைஞ்சிருக்கு." சிங்களம் பேசும் இடமென்றால்: "கெட்டரெக்ட் ஒப்பரேஷன் எக்க கரலா தவஸ் பஹய். தென் ஏ எஹே பெனீம அடு வெலா." அதே பொருள்தான். நாளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் சொல்லி, கண் வாட்டு வைத்தியர் பார்க்க வேண்டும் என்று தாழ்மையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். இயந்திரத்தில் நாடியை (மோவாயை) வைக்கச் சொல்லிக் கண்ணைப் பார்க்காமல் மருந்து எழுதினால் அந்தத் துண்டோடு வீட்டுக்கு வராதீர்கள்.

வாகனம் இல்லை, ஆள் தனியாக இருக்கிறார் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பக்கத்து அரச ஆஸ்பத்திரியில்தான் சேர்ப்பார்கள். அங்கிருந்து கண் வாட்டுக்கு மாற்றுவது ஆஸ்பத்திரி அம்புலன்ஸ். இரண்டு படி என்பதால், முச்சக்கரவண்டி கிடைத்தால் நேரே போவது விரைவு.

5. கதவுக்குப் பின்னால் ஒரு பை

நாங்கள் போன அன்று டயக்னோசிஸ் கார்ட் தம்பியின் வீட்டில் இருந்தது. அதை எடுக்க ஒரு மணி நேரம். ஒப்பரேஷன் முடிந்து வந்த அன்றே ஒரு பையைக் கட்டித் தொங்கவிடுங்கள்:

டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, தேசிய அடையாள அட்டை. இவை மூன்றும் மூலப்பிரதி, கூடவே இரண்டு போட்டோக்கொப்பி. கார்ட்டில் பி.எச்.டி. இலக்கம் (வாட்டில் கட்டிலோடு வைக்கும் நோயாளிக் கோப்பின் இலக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கோப்பைத் தேட அதுதான் வேண்டும்.

லென்ஸ் ஸ்டிக்கர். லென்ஸ் பெட்டியில் வரும் சிறிய ஒட்டுத்தாளில் அதன் பவரும் தொடர் இலக்கமும் இருக்கும். கார்ட்டில் ஒட்டியிருப்பார்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வர முதல் கேளுங்கள்.

விட்டுக்கொண்டிருக்கும் துளிமருந்துப் போத்தல்கள், முடிந்ததும் சேர்த்து, பெட்டியோடு. சீனி வருத்தம், பிரசர், இதய நோய்க்குக் குடிக்கும் குளிசைகள் எல்லாம் கையோடு. அஸ்பிரின் போன்ற இரத்தம் ஐதாக்கும் குளிசையை வாய்விட்டுச் சொல்லுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும்.

ஒரு மாற்றுடுப்பு, போன் சார்ஜர், போத்தல் தண்ணீர். புறப்படும்போது நோயாளி கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதைக் குறித்து வையுங்கள். தியேட்டருக்கு எடுப்பதென்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். வைத்தியர் பார்க்கும் வரை சாப்பாடு கொடுக்காதீர்கள். சீனி வருத்தக்காரர் என்றால் வந்தவுடனேயே அதைச் சொல்லி, என்ன செய்வதென்று கேளுங்கள்.

6. உள்ளே என்ன செய்வார்கள்

முன்கூட்டித் தெரிந்தால் கையெழுத்துக் கேட்கும்போது பதறமாட்டீர்கள். முதலில் பார்வை எவ்வளவு என்று அளப்பார்கள்: எழுத்துத் தெரிகிறதா, விரல் எண்ணத் தெரிகிறதா, கை அசைவது தெரிகிறதா, வெளிச்சம் மட்டுமா. மழுப்பாமல் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் அம்மா வைத்தியர் மனம் நோகக்கூடாதென்று "தெரியுது, தெரியுது" என்று தலையாட்டினார். சிகிச்சையே இந்தப் பதிலில்தான் தங்கியிருக்கிறது. கண் உள்ளே கலங்கி எதுவும் தெரியாவிட்டால் இமைக்கு மேல் ஜெல் பூசி ஸ்கான் எடுப்பார்கள்.

பிறகு கண்ணை விறைக்கப்பண்ணி, உள்ளிருக்கும் கூழிலிருந்து ஒரு துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, அதே இருப்பில் அன்டிபயோட்டிக்கைக் கண்ணுக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள். வழமையாக வங்கோமைசினும் செப்டாசிடிமும். "கண்ணுக்குள்ளயா ஊசி?" என்று நானும் நடுங்கினேன். ஆனால் வாயால் குடிக்கும் மருந்தோ கையில் ஏற்றும் மருந்தோ அந்த இடத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. பரிசோதனை முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்காக ஊசியைப் பிற்போடமாட்டார்கள், நீங்களும் "றிப்போட் வரட்டும்" என்று மறுக்காதீர்கள்.

நோய் முற்றியிருந்தால் விட்ரெக்டமி என்ற ஒப்பரேஷன், அதாவது உள்ளே இருக்கும் கெட்ட கூழை வெட்டி அகற்றுவது. மேலே சொன்ன ஆய்வின்படி கை அசைவாவது தெரிந்த கண்களுக்கு ஊசியும் உடனடி விட்ரெக்டமியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. வெளிச்சம் மட்டும் தெரிந்த கண்களுக்கு உடனே விட்ரெக்டமி செய்தது நன்றாக உதவியது. இப்போது சில நிபுணர்கள் அதற்கு முன்பே செய்கிறார்கள். உங்கள் வைத்தியர் எதைச் சொல்கிறார், ஏன் என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

அதன்பிறகு இரவு பகலாக மணிக்கொரு துளி மருந்து. இதற்கு ஒருவர் கூட இருந்தே ஆகவேண்டும். வாட்டில் மிஸிமார் இரண்டு பேர், கட்டில் முப்பது. முதல் இரண்டு இரவு நான் போனில் மணி வைத்து வைத்து எழும்பினேன். 48 மணித்தியாலத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இரண்டாவது ஊசி வரலாம்.

7. கொழும்புக்கு அனுப்பினால்

விழித்திரை நிபுணர் எல்லாக் கண் வாட்டிலும் இல்லை. கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு மாற்றலாம். கிழக்கிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல், குறைந்தது ஏழு மணி நேரம். அதனால் இரண்டைக் கேளுங்கள். ஒன்று: "போக முதல் இங்கேயே முதல் ஊசியைப் போட ஏலுமா?" சில இடங்களில் செய்வார்கள், அந்த ஏழு மணி நேரம் மிச்சம். இரண்டு: இங்குள்ள வைத்தியர் அங்குள்ள வைத்தியருக்குப் போன் செய்து பெயர் கொடுத்தாரா. ட்ரான்ஸ்பர் லெட்டரோடு போய் வாசலில் நிற்பதற்கும், ஏற்கனவே பேசி வைத்துப் போவதற்கும் வித்தியாசம் அரை நாள். எடுத்த மாதிரியின் பரிசோதனை முடிவை ஆர் எடுத்து எப்படி அனுப்புவது என்றும் கேட்டுவிடுங்கள். எங்களுடையது வாட்டு மேசையிலேயே நாலு நாள் கிடந்தது.

விட்ரெக்டமியில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் விமானம் கூடாது, உயரமான மலைப்பாதையும் கூடாது. அம்பாறைக்காரர் கண்டி, மஹியங்கனை வழி திரும்பும் பழக்கத்தை அந்த முறை மட்டும் விட்டு, பொலன்னறுவை வழி வாருங்கள். வாயு கரையும் காலத்தை வைத்தியர் சொல்லுவார்.

8. காசு

அரச ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனும் ஊசியும் கட்டிலும் இலவசம். செலவு மற்றப் பக்கங்களால் வரும். கொழும்புக்கு அனுப்பியபோது நாங்கள் பதறி ஒரு காரைப் பிடித்து 55,000 ரூபா கொடுத்தோம். ஆஸ்பத்திரி அம்புலன்ஸைக் கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. அடுத்தடுத்த கிளினிக்குக்கு பஸ்ஸில்தான் போனோம், அதன் கால்வாசியும் ஆகவில்லை. துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, தங்குமிடம், கூலிவேலை என்றால் போகும் நாட்சம்பளம் எல்லாம் கணக்கில் வரும். வாட்டில் இல்லாத ஒரு மருந்தை வெளிப் பாமசியில் வாங்கச் சொன்னால் துண்டில் வைத்தியரின் முத்திரை இருக்கட்டும், பில்லை எறியாதீர்கள். அரச ஊழியர் குடும்பமென்றால் அக்ரஹார காப்புறுதிக்கு அந்தப் பில்லும் டயக்னோசிஸ் கார்ட்டும் வேண்டும். மற்றவர்கள் ஜனாதிபதி நிதியத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

சனல் பண்ணிப் பார்ப்போம் என்று மாலை வரை காத்திருப்பதுதான் உண்மையில் விலை கூடிய தெரிவு. தனியாரில் காட்டினாலும் ஊசி போட அனேகமாக வாட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

9. வீட்டில் விடும் பிழைகள்

மருந்து விட முதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். போத்தல் நுனி இமையில் முட்டக்கூடாது. இரண்டு மருந்துக்கும் இடையில் ஐந்து நிமிடம் விடுங்கள். திறந்த போத்தலை நாலு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த திகதியைப் பேனையால் எழுதிவிட்டால் சண்டை இல்லை. சிவப்புப் போய்விட்டதென்று ஸ்டீரொயிட் துளியைத் தாங்களாக நிறுத்துவதும், நல்லாயிருக்கிறதென்று தாங்களாக நீட்டுவதும் இரண்டும் கேடு.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், பன்னீர் எதுவும் கண்ணில் வேண்டாம். நாவூறு கழிப்பதை நான் தடுக்கவில்லை, என் அம்மாவுக்கும் கழித்தார்கள். ஆனால் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும், கண்ணில் ஊத விடாதீர்கள். தலை முழுகுவதும் கிணற்றடியில் முகத்தில் தண்ணீர் அள்ளி அடிப்பதும் வைத்தியர் சொல்லும் வரை இல்லை. ஆற்றுக்கும் கடலுக்கும் அதைவிட நீண்ட தடை. தொழுகிறவர்கள் வுழூ எடுக்கும்போது அந்தக் கண்ணில் தண்ணீர் படாமல் என்ன செய்வதென்று ஒப்பரேஷனுக்கு முதலே வைத்தியரிடமும் மௌலவியிடமும் கேட்டு வைத்தால், பிறகு தடுமாற்றம் வராது. சூடு மிதிக்கும் காலத்தில் வயல் பக்கம் போகாதீர்கள். இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கட்டிக்கொண்டு படுக்கட்டும்.

10. மருந்தில் சந்தேகமென்றால்

2023 ஏப்ரலில் நுவரெலியாவில் கண்புரை ஒப்பரேஷன் செய்த பலருக்கு, இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசலோன் துளிமருந்தை விட்டபின் பார்வை பாதிக்கப்பட்டது செய்தியானது. பிறகு அந்த மருந்தைப் பாவனையிலிருந்து எடுத்தார்கள். ஆகவே போத்தலை எறியாதீர்கள். மூடி இறுக்கி, பெட்டியோடு, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் தெரியப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் வாட்டில் ஒரே கிழமையில் இன்னும் சிலருக்கு இப்படி என்றால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். முறைப்பாட்டைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் ஏற்கும். ஆனால் முதலில் கண், பிறகு முறைப்பாடு.

11. மற்றக் கண்ணுக்குத் திகதி வந்தால்

அம்மாவுக்கு வலது கண்ணில் இப்போது ஆள் முகம் தெரியும், அரிசிக்குள் கல் தெரியாது. இடது கண்ணிலும் புரை முற்றுகிறது. முதல் கண்ணில் நடந்ததை அட்டையோடு சொல்லாமல் இரண்டாவதுக்குப் போகாதீர்கள். சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா, இமையில் கட்டியோ செதிலோ கண்ணில் பீளையோ இருக்கிறதா என்று முதலே காட்டுங்கள், இருந்தால் ஆற்றிவிட்டுத்தான் செய்வார்கள். ஒப்பரேஷனுக்கு முன் கண்ணில் அயடீன் கரைசல் விடுவதும், முடிவில் செபுரொக்சைம் போன்ற அன்டிபயோட்டிக்கைக் கண்ணுக்குள் வைப்பதும் கிருமியைக் குறைக்கும் என்று நிறுவப்பட்டவை. செய்வீர்களா என்று கேட்டேன். வைத்தியர் கோபிக்கவில்லை.

டிசம்பரில் திகதி தந்தார்கள். மாற்றிக் கேட்டோம். மாரியில் மன்னம்பிட்டிப் பக்கம் தண்ணீர் ஏறினால் கொழும்புப் பாதை அடைபடும், ரயிலும் நிற்கும். ஐந்தாம் நாள் ஏதும் நடந்தால் எங்கே கொண்டுபோவது? தை கழிந்து மாசியில் தந்திருக்கிறார்கள்.